பட்டா யார் பெயரில்?

கோயில் நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ, கூட்டுறவுக் கடையோ கெடாவின் செர்டாங்கில் கூடி, நமக்கென்று ஓர் இணையத்தளம் வேண்டும் என்று தீர்மானம் போட்டால், அடுத்த கேள்வி உடனே மேசைக்கு வந்துவிடும்: அதை எங்கே வைப்பது? இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். மாதம் இருபது வெள்ளி அளவில் எங்காவது ஒரு வெறும் சர்வரை வாடகைக்குப் பிடித்து, லினக்ஸ் ஏற்றி, அப்பாச்சியையோ எஞ்சின்எக்ஸையோ நிறுவி, எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள் ஒரு சாரார். அந்தத் தலைவலி எதற்கு, முழுவதையும் கவனித்துக்கொள்ளும் கிளவுட் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிட்டு மாதாமாதம் பணம் கட்டலாம் என்பார்கள் மற்றவர்கள். முதல் கட்சி ‘சொந்தம்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். இரண்டாம் கட்சி ‘நிம்மதி’ என்ற சொல்லை. அன்று யார் குரல் ஓங்குகிறதோ அவர்கள் பக்கம் தீர்மானம் சாயும். என் கணக்கில் இரு கட்சியும் செய்வது ஒரே பிழைதான். ஒரு பொருளுக்குச் சொந்தக்காரராக இருப்பதும், அதை அன்றாடம் கட்டி மேய்ப்பதும் ஒரே வேலை என்று நினைக்கிறார்கள். தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் இந்தப் பிழையைச் செய்யக்கூடாது.

முதலில் சர்வர் மென்பொருள் செய்யும் வேலை என்ன என்று பார்க்கலாம். கைப்பேசியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி இணையத்தின் பெயரேட்டிலிருந்து தேடி எடுக்கப்படுகிறது. அந்த எண்ணுள்ள கணினியில், கதவருகே காத்திருக்கும் காவலாளி போல ஒரு நிரல் விழித்திருக்கிறது. வந்தவர் கேட்கும் பக்கத்தை எடுத்து, பூட்டிய உறையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான் வேலை, ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டால்? அங்கேதான் அப்பாச்சியும் எஞ்சின்எக்ஸும் வேறுபட்டன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ஒரு சர்வர் நிரலுக்கு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு 1995இல் உருவானது அப்பாச்சி. ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் பால்மரம் வெட்டி வரும் ஒவ்வொருவருக்கும் கணக்கெழுத ஒரு கிராணியை நிறுத்தியது போன்றது அதன் பழைய முறை. வாளியிலிருந்து கடைசிச் சொட்டு வடியும்வரை அந்தக் கிராணி வேறு யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆள் குறைவாக வந்தால் சரி. கூட்டம் பெருகினால் கிராணிகளுக்கே கொட்டகையில் இடம் போதாது. ஒரே கணினி ஒரே நேரத்தில் 10,000 பேருக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற கேள்வியை மென்பொருள் பொறியாளர் டான் கெகல் 1999இல் எழுப்பினார். ரஷ்யப் பொறியாளர் இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் அதற்குக் கிடைத்த பெயர்பெற்ற விடை. அங்கே கிராணிகள் ஓரிருவர்தான். ஒருவர் வாளி வடிந்துகொண்டிருக்கும்போதே அடுத்தவர் பெயரை எழுதுவார்; மூன்றாமவருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார்; யாருக்காகவும் சும்மா நிற்கமாட்டார். அப்பாச்சியும் பின்னாளில் இதே போன்ற முறைக்கு இடம் கொடுத்தது. இரண்டும் இலவசம், இரண்டும் தரமானவை. கைப்பழக்கம் உள்ளவர் அரை நாளில் நிறுவிவிடுவார்.

அந்த அரை நாளை வைத்துத்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். தப்பு அங்கே தொடங்குகிறது. 2021 செப்டம்பரில் அப்பாச்சியின் 2.4.49 என்ற பதிப்பு வெளிவந்தது. வெளியார் கேட்கக்கூடாத கோப்புகளையும் சர்வர் எடுத்து நீட்டிவிடும் ஓட்டை ஒன்று அதில் இருந்தது. அக்டோபர் 4ஆம் தேதி திருத்திய பதிப்பு வந்தது. அந்தத் திருத்தமும் அரைகுறை என்று தெரிந்து, 7ஆம் தேதி இன்னொன்று வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு முறை கைவைக்க வேண்டியிருந்தது. அதற்குள் கள்ளச்சாவிக்காரர்கள் ஓட்டையைத் தேடி இணையம் முழுக்கச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய நிரல்கள் எண் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பவை. பெரிய வங்கியா, செர்டாங் கோயிலா என்று பேதம் பார்ப்பதில்லை. ‘நம் தளத்தில் திருட என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: உங்கள் தகவல் வேண்டாம் என்றாலும், பிறருக்குக் குப்பை மின்னஞ்சல் அனுப்ப உங்கள் சர்வர் அவர்களுக்குப் பயன்படும்.

இன்னொரு வேலை, பூட்டிய உறைக்கான சான்றிதழ். சில உலாவிகளில் முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டுச் சின்னம் அதைத்தான் காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் இதை இலவசமாகத் தருகிறது. ஆனால் அதன் வழக்கமான சான்றிதழ் 90 நாள் மட்டுமே செல்லும். எல்லா நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கும் உச்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029இல் 47 நாளுக்குக் கொண்டுவர உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025இல் முடிவெடுத்துவிட்டன. புதுப்பிப்பைத் தானியங்கியாக அமைக்காமல், ஒருவர் நாட்காட்டியில் குறித்துவைத்துச் செய்துவிடலாம் என்ற காலம் முடிந்தது. பதிவேடுகள் வளர்ந்து வட்டு நிரம்புவதும், தரவுத்தளம் சொல்லாமல் நின்றுபோவதும் தனி. நட்ட கன்றைக் களை எடுக்காமல் விட்டால் தோட்டம் காடாகிவிடும் என்பதைக் கெடாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. களை எடுக்கும் கூலியைச் சேர்க்காமல் கன்றின் விலையை மட்டும் பார்த்துச் சொன்ன தொகைதான் அந்த இருபது வெள்ளி.

சர்வரை வீட்டிலேயே, அல்லது சங்கக் கட்டடத்தின் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைச் சுருக்கமாக ஒதுக்கிவிடலாம். உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சாதாரண வீட்டு இணைப்பில் எண் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போன இரவில் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் தளம் இயங்க வேண்டும் என்றாலே, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து நின்றுபோக அனுமதி 8 மணி 46 நிமிடம்தான். சனிக்கிழமை இரவு நின்றதை ஞாயிறு காலை பார்த்தால் அந்த ஆண்டின் கணக்கு அங்கேயே முடிந்தது.

அப்படியானால் கிளவுட்டுக்கே போய்விடலாமா? போகிறவர்கள் நிறையப் பேர். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2008 ஆகஸ்டில் தன் தரவுத்தளம் கெட்டுப்போனதைக் கண்டு அமேசான் கிளவுட்டுக்கு நகரத் தொடங்கி, 2016 ஜனவரியில்தான் வேலையை முடித்தது. அந்த அமேசான், 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் தரவு மையத் தொகுதியைத் திறந்தது. ஜொகூரில் இன்னும் பல நிறுவனங்களின் தரவு மையங்கள் எழும்புகின்றன. நமக்குப் பக்கத்தில் குலிம் தொழில்நுட்பப் பூங்காவில் இன்ஃபினியன் அதே 2024இல் தொடங்கிய சிலிக்கான் கார்பைடு ஆலை, தரவு மையங்களின் மின்வழங்கிகளுக்கும் பயன்படும் சில்லுகளைத் தயாரிப்பது. கிளவுட் என்பது வானத்தில் இருப்பதில்லை. அதன் ஒரு நரம்பு நம் மாநிலத்திலேயே ஓடுகிறது. இந்த நிறுவனங்கள் தரும் நிர்வகிக்கப்பட்ட தளங்களில் இயங்குதளத்துக்கு ஒட்டுப்போடுவது, சான்றிதழ் புதுப்பிப்பது, கூட்டம் வந்தால் இயந்திரத்தைக் கூட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாம் பக்கங்களையும் நிரலையும் கொண்டுபோய் வைத்தால் போதும்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022இல் கிளவுட்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம் அமெரிக்க டாலர் கட்டியதாகக் கணக்குக் காட்டி, சொந்தச் சர்வர்கள் வாங்கி 2023இல் தன் செயலிகளை வெளியே எடுத்தது. செலவு வெகுவாகக் குறைந்ததாகவும் அறிவித்தது. ‘சொந்தம்’ கட்சிக்காரர்கள் இந்தக் கதையை அடிக்கடி எடுத்து வீசுவார்கள். அவர்கள் சொல்ல மறப்பது இரண்டு. அந்த நிறுவனத்தில் சர்வர் பார்ப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட குழு முன்பே இருந்தது. தவிர, வாங்கிய சர்வர்களை அவர்கள் தங்கள் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தரவு மையத்தில் இடம் வாடகைக்கு எடுத்தார்கள். இயந்திரத்தை அடுக்கி மாட்டுவதும் வேறு நிறுவனத்தின் ஆட்களே. கிளவுட்டை உதறியதற்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறவர்களே உடைமையையும் பராமரிப்பையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினையை நம்மவர்கள் அறுபது ஆண்டுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் பெயர் வைத்த அந்தக் காலத்தில் வேலையும் போய், குடியிருந்த வீடும் போய் நின்றவர்கள் தமிழர்கள். அதற்கு மறுமொழியாக அப்போதைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் கூலியிலிருந்து சிறுகக் கட்டிப் பங்குதாரர்கள் ஆனார்கள். சங்கம் முழுத் தோட்டங்களாக வாங்கியது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டமும் அப்படி வந்தது. பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் நிர்வாகி ஆகிவிடவில்லை. தோட்டத்தை நடத்த மேலாளரும் கிராணியும் சம்பளத்துக்கு இருந்தார்கள். மேலாளர் மாறலாம், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடலாம். நிலத்தின் பட்டா சங்கத்தின் பெயரில் இருந்தது. துண்டாடலின்போது தொழிலாளர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. மரம் வெட்ட அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? இல்லாமற்போனது பட்டா ஒன்றுதான்.

இணையத்தில் பட்டா எது? இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்தால் பாதி விடை கிடைக்கும். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியம் தன் கணினி அமைப்பைக் கூகுள் கிளவுட்டில் வைத்திருந்தது. 2024 மே மாதம் அந்த அமைப்பு ஒரே வீச்சில் அழிந்தது. தொடக்கத்தில் அதை உருவாக்கியபோது கூகுளின் ஊழியர்கள் ஓர் இடத்தை நிரப்பாமல் வெற்றாக விட்டதால், அது ஓராண்டுத் தவணை என்று பதிவாகி, தவணை முடிந்ததும் தானாக நீக்கப்பட்டது என்று கூகுள் பிறகு விளக்கியது. குத்தகைச் சீட்டில் தேதி தவறி, குடியிருப்பையே இடித்த கதை. ஆனாலும் நிதியம் மீண்டு வந்தது. தனியே வைத்திருந்த காப்பு நகல்கள், வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்தவை உட்பட, கைகொடுத்தன. அடுத்தது தென் கொரியா. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு முழுவதும், 858 டெராபைட், எரிந்துபோனது. அளவு பெரிது என்பதால் வெளியே வேறு நகல் வைக்கவில்லை என்றார்கள். முதலாவது வாடகைக் கிளவுட், இரண்டாவது அரசின் சொந்த மையம், சொந்த ஆட்கள். வாடகைக்காரர் பிழைத்தார், சொந்தக்காரர் இழந்தார். இயந்திரம் யாருடையது என்பது இந்த இரண்டு முடிவுகளில் எதையும் தீர்மானிக்கவில்லை. வேறிடத்தில் ஒரு நகல் இருந்ததா என்பதே தீர்மானித்தது.

மீதிப் பாதி, முகவரி. நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 1992இல் தொடங்கியது. தொண்ணூறுகளில் அதன் மின்னஞ்சல் முகவரியை அட்டையில் அச்சடித்துக்கொள்வது ஒரு பெருமை. 2015இல் ஜாரிங் கலைக்கப்பட்டபோது அந்தப் பெயரை நம்பியிருந்தவர்கள் வேறு முகவரி தேட வேண்டியதாயிற்று. யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸை மூடியபோதும் இதே கதை. அங்கே இலவசமாகப் பக்கம் வைத்திருந்தவர்கள் கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தாலும், முகவரி யாஹூவினுடையது. பிறர் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்தன. பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். கல்வி அமைச்சின் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் ஏறக்குறைய 10,000 அரசுப் பள்ளிகளுக்கு ஃபிராக் என்ற கற்றல் தளம் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தம் 2019 ஜூன் இறுதியில் முடிந்தது. ஜூலை முதல் கூகுள் வகுப்பறைக்கு மாறச் சொன்னார்கள். கொள்கையளவில் அது சரியான முடிவா தவறா என்பது வேறு பேச்சு. எந்தத் தளத்தில் பாடம் வைப்பது, எப்போது காலி செய்வது என்பதை எந்தத் தமிழ்ப்பள்ளியும் முடிவு செய்யவில்லை என்பதுதான் இங்கே நாம் பார்க்க வேண்டியது. நம் கோயில்களும் சங்கங்களும் திருவிழா அறிவிப்பிலிருந்து கணக்கறிக்கை வரை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் மட்டுமே போட்டுவைப்பது இதைவிடப் பலவீனமான நிலை. 2021 அக்டோபர் 4ஆம் தேதி அவை இரண்டும் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றுபோயின; நின்றது ஏன் என்று கேட்கக்கூட நமக்கு வாசல் இல்லை.

தமிழில் நெடுங்காலம் தாக்குப்பிடித்த ஒரு முயற்சியையும் பார்த்துவிடலாம். கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டெழுதி இலவசமாகத் தருகிறது. அதன் பிறகு எழுத்துக் குறியீட்டு முறையே மாறியது. தஸ்கி குறியீட்டில் இருந்தவை ஒருங்குறிக்கு வந்தன. திட்டம் நிலைத்ததற்குக் காரணம் ஏதோ வலிமையான சர்வர் என்று நான் நினைக்கவில்லை. கோப்புகள் எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய வடிவத்தில் இருந்தன. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பெயர் திட்டத்தின் சொந்தப் பெயர். இந்த மூன்றும் இருந்தால் சர்வர் எங்கே நின்றாலும் கவலையில்லை.

ஆகவே என் தீர்ப்பு: முழுநேரப் பராமரிப்பாளர் இல்லாத நம் ஊர் அமைப்புகள் பராமரிப்பை விலைக்கு வாங்கட்டும், பட்டாவைத் தம் பெயரில் வைத்திருக்கட்டும். இதற்கு எதிராக இரண்டு நல்ல கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றையும் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் நம் பிள்ளைகள் சர்வர் தொழிலை எப்படிக் கற்பார்கள் என்பது ஒன்று. குலிமில் தொழிற்சாலை வாசல்வரை போகிற பிள்ளைகளுக்கு அந்தத் திறன் கட்டாயம் வேண்டும். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி எஞ்சின்எக்ஸை நூறு முறை கெடுத்து நூறு முறை சரிசெய்யட்டும். கோயில் நன்கொடைப் பதிவேட்டை வைத்து அவர்கள் பழக வேண்டாம். இரண்டாவது கேள்வி கூர்மையானது: கிளவுட் நிறுவனம் தனக்கே உரிய வசதிகளைக் காட்டி நம்மைக் கட்டிப்போட்டுவிடாதா? கட்டிப்போடும். அந்த நிறுவனத்தில் மட்டுமே ஓடும் தரவுத்தளம், அங்கே மட்டுமே பொருந்தும் பக்க அமைப்பி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால், கட்டணம் ஏறும்போது வெளியேற முடியாமல் போகும். இங்கேதான் முதல் கட்சியின் அறிவு உதவும். வேர்ட்பிரஸ், மைஎஸ்கியூஎல் போல எங்கும் ஓடும் திறந்த மென்பொருள்களையே வாடகை இடத்திலும் கேட்டு வாங்க வேண்டும். அப்பாச்சியும் எஞ்சின்எக்ஸும் நாம் தினம் ஓட்டுவதற்காக இல்லாமல், என்றைக்காவது ஓட்ட முடியும் என்பதற்காக இருக்கட்டும். வீட்டுக்காரர் பேச்சில் பணிவு வருவது, குடியிருப்பவர் வேறு வீடு பார்க்க முடியும் என்று அவருக்குத் தெரிந்தால்தான்.

மூன்றாவதாக ஒரு முணுமுணுப்பும் வரும்: இவ்வளவு பணம் கொடுக்கிறோம், நகலையும் அவர்களே பார்த்துக்கொள்ளமாட்டார்களா? கிளவுட் நிறுவனங்கள் ‘பகிர்ந்த பொறுப்பு’ என்று ஒரு விதி வைத்திருக்கின்றன. கட்டடமும் இயந்திரமும் அவர்கள் பாடு. உள்ளே வைக்கும் தரவும் கடவுச்சொல்லும் நம் பாடு. அதைச் சொல்லும் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

எனவே அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், கிளவுட்டா சொந்தமா என்று விவாதிக்கும் முன் மூன்றை மட்டும் கேளுங்கள். சங்கத்தின் இணையப் பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, அல்லது தளத்தை அமைத்துக் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட தம்பியின் பெயரிலா? தளத்தின் கடைசி முழு நகல் எங்கே, யார் வீட்டு வட்டில் இருக்கிறது? அந்த நகலிலிருந்து தளத்தை ஒரு முறையாவது எழுப்பிப் பார்த்திருக்கிறோமா? மூன்றுக்கும் பதில் கூட்டக் குறிப்பில் எழுதப்படும்வரை கூட்டத்தை முடிக்காதீர்கள்.